எண்ணெய்க்கு மூன்று வேலை

தாம்பரத்தைச் சுற்றி உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்பவர்கள் சினிமாவில் வருகிற மாதிரி ஆட்கள் இல்லை. ஒரு பக்கம் விமானப்படைத் தளம். இன்னொரு பக்கம் பறங்கிமலையில் 1963-லிருந்து இயங்கும் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி. பணி முடிந்ததும் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் என்று இங்கேயே வீடு கட்டிக்கொண்ட முன்னாள் படைவீரர்கள் நிறைய. அவர்களில் சிலர் வங்கி வாசலிலும் பணம் ஏற்றும் வேனிலும் டபுள் பேரலோடு காவல் நிற்கிறார்கள். செங்கல்பட்டுப் பக்கம் நிலம் வைத்திருந்த தாத்தாவின் ஒற்றைக்குழல் துப்பாக்கியை, உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்றி பீரோவில் வைத்திருக்கிற பேரன்களும் உண்டு. பிள்ளையைத் துப்பாக்கி சுடும் பயிற்சிக்கு அனுப்புகிற பெற்றோரும் உண்டு. கேம்ப் ரோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் இவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எந்த ஆயில் சார் நல்லது?"

கேள்வி நியாயமானது. இணையத்தில் தேடினால் ஐம்பது புட்டிகள் வந்து நிற்கின்றன. ஒவ்வொன்றும் துடைக்கும், வழுக்கும், துருவைத் தடுக்கும் என்று மூன்று வாக்குறுதியையும் ஒரே மூச்சில் தருகிறது. விலையோ நம் ஊர் தையல் மெஷின் எண்ணெயைப் போலப் பல மடங்கு. வாங்கலாமா, வேண்டாமா?

பதில் சொல்வதற்கு முன் நான் திருப்பி ஒன்று கேட்பேன். "அண்ணே, வருஷத்துக்கு எத்தனை ரவை சுடுறீங்க?"

வங்கிக் காவலர் சிரிப்பார். "எங்க சார் சுடறது! பயிற்சின்னு கூப்பிட்டா நாலு ரவை. இல்லேன்னா அதுவும் கிடையாது."

விஷயம் அங்கேதான் இருக்கிறது. நாம் படிக்கிற ஒப்பீடுகள் பெரும்பாலும் அமெரிக்காவில் எழுதப்பட்டவை. வாரம்தோறும் மைதானத்துக்குப் போய் நூறு இருநூறு ரவை சுடுகிறவர்களின் கவலை கரியும் உராய்வும். நம் துப்பாக்கி சுடுவதே இல்லை, சும்மா இருக்கிறது. இந்தக் காற்றில் சும்மா இருக்கிற இரும்புக்கு ஒரே எதிரி துரு. அதனால் மூன்று வாக்குறுதியில் மூன்றாவது எவ்வளவு உண்மை என்று பார்த்து வாங்க வேண்டியவர்கள் நாம்.

முதலில் அந்த மூன்று வேலைகளைப் பிரித்துப் பார்த்துவிடலாம். சுத்தம் செய்கிற திரவம் கரைப்பான். குழலுக்குள் ஒட்டியிருக்கும் மருந்துக் கரி, ஈயம், பழைய எண்ணெய்ப் பிசுக்கு எல்லாவற்றையும் இளக்கிக் கொண்டு வெளியே வர வேண்டும். அது நீர்த்து, சந்துபொந்தெல்லாம் ஊடுருவி, வேலை முடிந்ததும் ஆவியாகிவிட்டால் நல்லது. உராய்வைக் குறைக்கிற எண்ணெய் போய்விடக் கூடாது. அசைகிற இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவில் படலமாக நின்று, அழுத்தம் வந்தாலும் விலகாமல் இருக்க வேண்டும். துரு தடுக்கிற பூச்சுக்கு அசைவோடு சம்பந்தமே இல்லை. பூசிய இடத்தில் மாதக்கணக்கில் அப்படியே ஒட்டிக்கொண்டு, நீரையும் உப்பையும் உலோகத்தைத் தொடவிடாமல் பார்த்துக்கொள்வதே அதன் வேலை. சிறந்த துருக்காப்புப் பூச்சுகள் பெரும்பாலும் மெழுகுபோல் கெட்டியாக, கையில் பிசுபிசுக்கிறவையாக இருப்பது அதனால்தான்.

இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று இழுபறி. நன்றாகக் கரைக்கிற திரவம், நேற்று நீங்கள் பூசிய காப்பையும் சேர்த்துக் கரைத்துவிடும். நன்றாக ஒட்டுகிற மெழுகு, விசைப் பகுதிக்குள் போனால் தூசியைச் சேர்த்துக்கொண்டு அசைவைக் கெடுக்கும். மூன்றையும் ஒரு புட்டியில் அடைத்தால் மூன்றிலும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்தச் சமரசம் சில இடங்களுக்குப் பொருந்தும், சில இடங்களுக்குப் பொருந்தாது.

நம் இடம் எப்படிப்பட்டது? தாம்பரம் கடற்கரையிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 15 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் எல்லாம் அலைச்சத்தம் கேட்கிற தூரம். கடல் அலை உடைகிறபோது தெறிக்கிற நுண்துளிகள் காற்றில் ஏறி, உப்புத் துகளாக உள்ளே வருகின்றன. முதல் சில நூறு மீட்டருக்குள் அதில் பெரும்பங்கு இறங்கிவிடும். உள்ளே போகப் போக வேகமாகக் குறையும். ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து வீட்டு ஜன்னல் கம்பி அரித்துப்போகிற வேகத்தில் சேலையூர் வீட்டுக் கம்பி அரிப்பதில்லை என்பதை இரண்டு பக்கமும் வேலை பார்த்த எந்த வெல்டரும் சொல்வார்.

உப்பு தானாக இரும்பைத் தின்பதில்லை. அது நீரைப் பிடித்துவைத்து, அந்த நீரில் மின்னோட்டம் எளிதாக ஓடும்படி செய்கிறது. துருப்பிடித்தல் என்பதே ஒரு குட்டி மின்வேதி வினை. தூசும் புகையும் கலந்த காற்றில் ஈரப்பதம் சுமார் 60 விழுக்காட்டைத் தாண்டினால் இரும்பின் அரிப்பு சட்டென்று வேகமெடுக்கும் என்று வெர்னான் என்கிற ஆங்கிலேய ஆய்வாளர் 1930-களிலேயே காட்டிவிட்டார். சமையலுப்பு சுமார் 75 விழுக்காடு ஈரப்பதத்தில் காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். ஐப்பசி அடைமழையில் அடுப்படி உப்பு ஜாடி சொதசொதப்பது போலத்தான். கடலுப்பில் கூடவே மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அது சுமார் 33 விழுக்காட்டிலேயே கசிந்துவிடும். சென்னையில் காற்று அவ்வளவு வறண்டு போகிற நாள் அபூர்வம். ஆகவே ஒரு முறை உப்பு படிந்துவிட்டால் அந்த இடம் கண்ணுக்குத் தெரியாமல் எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். கடல் மட்டும்தான் உப்பு தரும் என்றில்லை. துப்பாக்கியை எடுத்துப் பார்த்து, பெருமையாகக் குழலைத் தடவி, அப்படியே பீரோவில் வைக்கிறோமே, அந்த விரல்களின் வியர்வையும் உப்புதான். பழைய துப்பாக்கிகளில் கைரேகை வடிவத்திலேயே துரு எழுந்திருப்பதைப் பார்க்கலாம்.

இரும்பை அரிக்கிற காற்றைப் படிக்க நம் மாநிலத்திலேயே ஒரு பெரிய நிலையம் உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததில் காரைக்குடியில் உருவான மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். 1948-ல் அடிக்கல், 1953-ல் திறப்பு. அவர்கள் மண்டபம் கடலோரத்தில் உலோகத் தகடுகளைத் திறந்தவெளியில் நிறுத்திவைத்து, எது எவ்வளவு அரிக்கிறது என்று பார்த்து வருகிறார்கள். உலோகம், பூச்சு, இடம் மூன்றையும் சேர்த்துத்தான் பேச வேண்டும் என்பதே இத்துறையின் பாலபாடம். வறண்ட அரிசோனாவில் முதல் பரிசு வாங்கிய எண்ணெய் நீலாங்கரையிலும் வாங்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

இன்னொரு ரகசிய ஈரம் ஏசி அறையில் இருக்கிறது. கோடையிலும் மழைக்காலத்திலும் நம் காற்றின் பனிப்படுநிலை 24, 25 டிகிரியைத் தொடும். அதாவது அதைவிடக் குளிர்ந்த எந்தப் பொருள் மேலும் காற்றிலுள்ள நீர் முத்து முத்தாகப் படியும். 22 டிகிரியில் ஏசி ஓடிய அறையிலிருந்து துப்பாக்கியை வெளியே கொண்டுவந்தால் இரும்பு வியர்க்கும். மூக்குக் கண்ணாடி மங்குவது கண்ணில் படுகிறது, குழலின் உட்புறம் வியர்ப்பது படுவதில்லை. பிறகு அதை உறையில் போட்டு மூடிவிட்டால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டுவிடும்.

டீ ஆறுகிறது, குடியுங்கள். இப்போது ஒரு பழைய பட்டாளக் கதை.

.303 லீ என்பீல்டு ரைபிளைத் தூக்கியவர்களுக்கு அதன் பின்கட்டை ஞாபகம் இருக்கும். அடியில் ஒரு பித்தளை மூடி. திறந்தால் உள்ளே ஒரு குட்டி எண்ணெய்ப் புட்டியும் புல்த்ரூ கயிறும். நாலு அங்குலத்துக்கு இரண்டு அங்குலம் பிளானல் துணியைக் கயிற்றின் கண்ணியில் மாட்டி, பித்தளைக் குண்டைக் குழலுக்குள் விட்டு இழுப்பார்கள். பட்டாளத்தில் அந்தத் துணிக்கு 'சிந்தி' என்று பேர். இதெல்லாம் பலருக்கும் தெரியும். சுட்டு முடித்ததும் முதலில் குழலுக்குள் கொதிக்கிற வெந்நீர் ஊற்றுவார்கள் என்பது இளைஞர்களுக்குத் தெரியாது. "இரும்புல தண்ணியா?" என்று பதறுவார்கள்.

காரணம் எளிது. அந்தக் காலத் தோட்டாவின் தீப்பொறி மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்தபின் அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் படியும். பேர்தான் வேறு, குணத்தில் உப்பு. உப்பு எண்ணெயில் கரையாது. எவ்வளவு விலையுயர்ந்த எண்ணெயைப் பூசினாலும் அதன் அடியில் உப்பு அப்படியே உட்கார்ந்து நீரை இழுத்து அரித்துக்கொண்டிருக்கும். நீர்தான் அதைக் கரைத்து வெளியேற்றும். கொதிநீராக இருந்தால் குழல் சூடேறி, மிச்ச ஈரமும் தானே ஆவியாகிவிடும். அதன் பிறகே எண்ணெய். எழும்பூர் அருங்காட்சியகத்தின் வேதியியல் கூடத்தில் 1930-களில் பரமசிவன் என்கிற வேதியியலாளர் பழைய செப்புச் சிலைகளை மின்பகுப்பு முறையில் மீட்டெடுத்தபோதும், உள்ளே ஊறிய குளோரைடை வெளியேற்றுவதுதான் முக்கியமான வேலையாக இருந்தது. உப்பை எடு, ஈரத்தை எடு, அப்புறம் பூசு. வரிசை மாறினால் பூச்சு வீண்.

அந்தக் காலப் பிரிட்டிஷ் படை பூசிய எண்ணெயும் நமக்குத் தூரத்துச் சொந்தம்தான். 19-ம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் துப்பாக்கிகளுக்குத் துருக்காப்பாக இருந்தது ரங்கூன் எண்ணெய். நம் ஊர்க்காரர்கள் பிழைக்கப் போன பர்மாவின் மண்ணிலிருந்து எடுத்த கனிம எண்ணெய் அது. தாவர எண்ணெய்போல் நாளாக ஆகப் பிசினாக மாறாது என்பது அதன் பெருமை.

ஈரமான நாட்டில் துடைத்துப் பூசுகிற இந்தப் பாடத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு வியட்நாம் சாட்சி. 1960-களில் அமெரிக்கப் படைக்கு எம்-16 ரைபிள் வந்தபோது, இதற்குச் சுத்தம் செய்யவே தேவையில்லை என்று ஒரு பேச்சு பரவியது. துடைக்கும் கருவிகள் போதுமான அளவு போய்ச் சேரவில்லை. தோட்டாவின் மருந்தையும் மாற்றியிருந்தார்கள். ரவை உட்காரும் அறைக்குக் குரோமியப் பூச்சும் இல்லை. வெப்பமண்டல ஈரத்தில் அறை அரித்து, சுட்ட வெற்றுக் குப்பி உள்ளேயே சிக்கிக்கொண்டது. போர்முனையில் ஆட்கள் செத்தார்கள். 1967-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக்குழு விசாரித்தது. பிறகு குரோமியப் பூச்சு வந்தது, துடைக்கும் கருவி வந்தது, வில் ஐஸ்னர் வரைந்த படக்கதை வடிவில் ஒரு பராமரிப்புக் கையேடுகூட வந்தது.

சரி, இப்போது புட்டிகளைப் பார்க்கலாம்.

ஹாப்பிஸ் நம்பர் 9. 1903-லிருந்து இருக்கிற அமெரிக்கக் கரைப்பான். வாசனையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். மருந்துக் கரியையும் ஈயத்தையும் இளக்குவதில் நல்ல பேர். ஆனால் இது துடைக்கிற ஆள். இதைப் பூசிவிட்டு அப்படியே பீரோவில் வைப்பது குளிப்பாட்டிவிட்டுத் துவட்டாமல் விடுவதற்குச் சமம். செம்பை எடுக்கிற, அம்மோனியா கலந்த கரைப்பான்களும் விற்கிறார்கள். செம்புக் கவசத் தோட்டா சுடுகிற ரைபிளுக்குத்தான் அது வேண்டும். துணி நீலப் பச்சையாக மாறினால் செம்பு வருகிறது என்று பொருள். வங்கிக் காவலரின் பன்னிரண்டு போர் துப்பாக்கியில் செம்பே படியாது. அங்கே மிஞ்சுவது ஈயமும் தோட்டாவின் பிளாஸ்டிக் பூச்சும் கரியும்தான். அந்தப் புட்டிக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

பாலிஸ்டால். ஜெர்மனியில் 1904-ல் பிறந்தது. உலோகம், மரக்கட்டை, தோல்வார் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய் வேண்டும் என்று அந்த நாட்டுப் படை விரும்பியதில் வந்தது. சோம்பு வாசனை. லேசான காரத்தன்மை உள்ளதால் வியர்வையின் அமிலத்தைத் தணிக்கும். நீரோடு கலந்தால் பால்போல் வெளுத்துக் கலங்கும். உப்பைக் கரைக்க நீர், கூடவே எண்ணெய்ப் படலம் என்று இரண்டும் ஒரே கையில் கிடைப்பது இதன் தனிச்சிறப்பு. மரக்கட்டை போட்ட பழைய துப்பாக்கிக்காரர்களுக்கு வசதியானது. படலம் மெல்லியது. கடலோர வீடாக இருந்தால் அடிக்கடி புதுப்பிக்க வேண்டும்.

சிஎல்பி என்று மூன்றெழுத்து போட்டவை. துடைத்தல், வழுக்குதல், காத்தல் மூன்றுக்கும் ஒரே புட்டி போதும் என்று அமெரிக்க ராணுவம் தரம் வகுத்ததில் பிறந்த வகை. பிரேக்-ஃப்ரீ அதில் பிரபலமானது. போர்முனையில் சிப்பாய் மூன்று புட்டி சுமக்க முடியாது, ஒன்றுதான் சுமப்பான். தினமும் துடைத்துத் தினமும் பூசுவான். அந்த வாழ்க்கைக்கு இது மிகச் சரியான சமரசம். மாதம் ஒரு முறை உங்கள் கை படும் என்றால் உங்களுக்கும் சரி. ஆறு மாதம் தொடமாட்டேன் என்றால் இது போதாது.

டபிள்யூடி-40. எல்லா வீட்டிலும் இருக்கிற நீல மஞ்சள் டப்பா. 1953-ல் சான் டியேகோவில் அட்லஸ் ஏவுகணையின் வெளித்தோலில் துரு பிடிக்காமல் இருக்கச் செய்தது. அதன் உண்மையான திறமை நீரை விரட்டுவது. மழையில் நனைந்த இரும்பின் சந்துகளில் அடித்தால் நீரை அடியோடு தள்ளிவிடும். ஆனால் அதில் பெரும்பங்கு ஆவியாகிற கரைப்பான். மிஞ்சுகிற படலம் மெல்லியது, நீண்ட காப்புக்கு அது போதாது. முதலுதவியாக வைத்துக்கொள்ளுங்கள், அடித்த பிறகு துடைத்துவிட்டு வேறு காப்பு பூசுங்கள். ரவை இருக்கும் இடத்துக்கு அருகில் மட்டும் அடிக்காதீர்கள். இப்படி ஊடுருவுகிற எண்ணெய் எதுவாக இருந்தாலும் தோட்டாவின் அடியில் புகுந்து மருந்தைச் செயலிழக்கச் செய்யலாம்.

தையல் மெஷின் எண்ணெய். சுத்தமான, மெல்லிய கனிம எண்ணெய். கீலுக்கும் விசைக்கும் ஒரு சொட்டு விட இதைவிட மலிவாக நல்ல பொருள் கிடையாது. துருக்காப்பில்தான் சறுக்கும். நிமிர்த்தி வைத்த குழலில் சில வாரங்களில் வழிந்து இறங்கிவிடும். மேலே உலோகம் வெறுமையாக நிற்கும், கீழே மரக்கட்டை எண்ணெயில் ஊறி மெத்தென்று ஆகும். அதனால் பூசிவிட்டு வைக்கிற துப்பாக்கியைக் குழலைக் கீழாகச் சாய்த்து வையுங்கள் என்று படையில் ஆயுதம் பழுதுபார்த்த பழைய ஆர்மரர்கள் சொல்வார்கள்.

தேங்காய் எண்ணெய். "எங்க தாத்தா இதைத்தான் போட்டார்" என்று ஒருவராவது சொல்வார். போட்டிருப்பார். தினமும் எடுத்துத் துடைத்துப் போட்டிருப்பார், அதனால் தாங்கியது. 24, 25 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையும், ஏசி அறையில் விசைக்குள் உறைந்த தேங்காய் எண்ணெயைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நாளானால் சிக்கு வாடை அடித்து அமிலம் கூடும். நல்லெண்ணெய் காற்றுபட்டுப் பிசினாகும். ஆளிவிதை எண்ணெய் முழுக்கக் காய்ந்து படலமாகிவிடும். அதனால்தான் அது மரக்கட்டைக்கு நல்லது, இரும்பின் அசையும் பாகத்துக்கு ஆகாது.

கடைசியாக, யாரும் ஒப்பீட்டுப் பட்டியலில் சேர்க்காத ஒன்று. 1958-ல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டையிலோ அம்பத்தூரிலோ எந்த லேத் பட்டறைக்குப் போனாலும் ஒரு மூலையில் டிரம் நிற்கும். "ஆர்.பி. ஆயில்" என்பார்கள். ரஸ்ட் பிரிவென்டிவ். கடைந்து பளபளவென்று வந்த உதிரிபாகம் ஒரகடத்து கார் கம்பெனிக்குப் போய்ச் சேரும் வரை துருவேறாமல் இருக்க அதில் முக்கி எடுப்பார்கள். இதில் சல்போனேட் வகைச் சேர்மானங்கள் உண்டு. அந்த மூலக்கூறின் ஒரு முனை உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும், மறுமுனை எண்ணெயில் மிதக்கும். வெறும் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு நீர் உள்ளே போய்விடலாம், இந்தக் கவ்வலைத் தள்ளுவது கடினம். சில வகைகளில் கரைப்பான் ஆவியானதும் மெழுகுப் படலம் மிஞ்சும். சும்மா இருக்கிற துப்பாக்கியின் குழலுக்கு வெளியேயும் உள்ளேயும் நம் காற்றுக்குத் தேவையானது இந்த வகைக் காப்புதான். வெளிநாட்டுப் புட்டியில் வாங்கினாலும் உள்ளூர்ப் பட்டறையில் வாங்கினாலும் லேபிளில் தேட வேண்டியது இதையே. மரக்கட்டையிலும் வார்னிஷிலும் படாமல் உலோகத்துக்கு மட்டும் பூசுங்கள். சுடுவதற்கு முன் குழலையும் அறையையும் காய்ந்த துணியால் முழுக்கத் துடைத்தே ஆக வேண்டும். குழலில் கெட்டிப் படலத்தை விட்டுவிட்டுச் சுடுவது ஆபத்து.

ஏர் ரைபிள் வைத்திருக்கும் பெற்றோருக்குத் தனியாக ஒரு வார்த்தை. 20 ஜூலுக்கு உட்பட்ட .177 ஏர் ரைபிளுக்கு 2016 ஆயுத விதிகள் உரிமத்திலிருந்து விலக்கு தருகின்றன. அதனால் அது விளையாட்டுப் பொருளாகிவிடாது. பராமரிப்பிலும் அதற்கு வேறு சட்டம். காற்றை அழுத்துகிற அறைக்குள் கனிம எண்ணெய் போனால் அழுத்தச் சூட்டில் டீசல் எஞ்சின் போலப் பற்றி வெடிக்கும், ரப்பர் வளையங்கள் கெடும். தயாரிப்பாளர் சொன்ன சிலிக்கான் எண்ணெயைத் தவிர வேறு எதையும் உள்ளே விடாதீர்கள்.

என் பேச்சை நம்பாதவர்கள் மொட்டைமாடியிலேயே பரிசோதிக்கலாம். பட்டறையில் மைல்டு ஸ்டீல் பட்டையைச் சம துண்டுகளாக வெட்டி வாங்குங்கள். உப்புத்தாளால் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவி, முழுக்கக் காய வையுங்கள். இனி வெறும் கையால் தொடக் கூடாது. ஒவ்வொன்றிலும் ஒரு எண்ணெய், ஒன்று மட்டும் பூச்சில்லாமல். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. நூலில் கட்டிச் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள், படுக்கவைத்தால் வழிந்தோடுகிற எண்ணெயும் நல்ல மார்க் வாங்கிவிடும். ஒரு நாள் விட்டு உப்புநீரைத் தெளித்து, நிழலில் வைத்துப் பாருங்கள். ஆய்வுக்கூடத்தில் 35 டிகிரியில் 5 விழுக்காடு உப்புநீரைப் பனியாகத் தூவிச் செய்கிற சோதனையின் ஏழைச் சகோதரி இது. ஆய்வுக்கூட எண்ணும் உங்கள் பீரோ நிலவரமும் அப்படியே ஒத்துப்போகாது, வரிசையைத்தான் பார்க்க வேண்டும். இதில் ஜெயித்த எண்ணெய் வழுக்குவதிலும் ஜெயிக்கும் என்று மட்டும் முடிவுகட்டிவிடாதீர்கள். அது வேறு தேர்வு.

துரு ஏற்கனவே வந்துவிட்டதா? நம் வீட்டு வழக்கம் குறுக்கே வரும். பித்தளைக் குடத்துக்குப் போடுகிற புளியையும் எலுமிச்சையையும் குழலில் தேய்த்துவிடாதீர்கள். துப்பாக்கியின் கருநீல மேற்பூச்சும் இரும்பின் ஒரு வகை ஆக்சைடுதான். அமிலம் துருவோடு அதையும் கழுவிக்கொண்டு போய்விடும். உப்புத்தாளும் அப்படியே. எண்ணெய் விட்டு ஊறவைத்து, மிக மெல்லிய ஸ்டீல் வுல்லால் லேசாகத் தேயுங்கள். குழலுக்குள் குழி விழுந்திருந்தால் உரிமம் பெற்ற ஆயுதக் கடைக்காரரிடம் காட்டாமல் சுட வேண்டாம். துடைக்க உட்காருவதற்கு முன் துப்பாக்கி காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துக்கொள்வதும், ரவைகளை வேறு அறையில் வைப்பதும், ஜன்னலைத் திறந்துவைப்பதும் பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பேரன்மார்களுக்குச் சொல்கிறேன்.

வைக்கிற இடம் பாதி வேலை. தோலுறை பார்க்க அழகு. ஆனால் பதனிட்ட தோலில் உப்பும் அமிலமும் மிஞ்சியிருக்கும், ஈரத்தையும் பிடித்துவைக்கும். பஞ்சு மெத்தை வைத்த பெட்டியும் அப்படித்தான். எடுத்துப்போக மட்டும் உறை, வைக்க வேண்டாம். பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை போடுங்கள், நிறம் மாறினால் சூடாக்கிப் புதுப்பிக்கலாம், சமையல் பாத்திரத்தில் வேண்டாம். உதிரிபாகம் சுற்றுகிற விசிஐ காகிதமும் நல்லது. மூடிய இடத்தில் அதிலிருந்து எழும் ஆவி உலோகத்தில் படிந்து காக்கும்.

நம் பக்கத்தில் இரண்டு சந்தர்ப்பங்களை மனதில் வையுங்கள். ஒன்று வெள்ளம். 2015 டிசம்பர் 2 காலை வரையிலான ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீட்டுக்குள் நீர் ஏறியது. இரும்புப் பொருள் எதுவானாலும் வெள்ள நீரில் நனைந்தால் முதலில் நல்ல நீரில் சேற்றைக் கழுவ வேண்டும், பிறகு நீர்விரட்டி, பிறகு காப்பு எண்ணெய். துப்பாக்கியானால் உட்பாகங்களைப் பிரிக்க ஆர்மரர் வேண்டும். இன்னொன்று தேர்தல். 2024-ல் மார்ச் 16-ம் தேதி அறிவிப்பு, ஏப்ரல் 19-ல் நம் வாக்குப்பதிவு, ஜூன் 4-ல் எண்ணிக்கை. தேர்தல் காலத்தில் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள். வங்கிக் காவலுக்கு விலக்கு கிடைக்கும், பேரன்மாருக்குக் கிடைப்பது கஷ்டம். கிட்டத்தட்ட மூன்று மாதம், அதுவும் கோடையில், யார் கையும் படாமல் கிடக்கும். ஒப்படைப்பதற்கு முதல் நாள் மெழுகுக் காப்பு பூசிக் கொடுத்தால் திரும்பி வாங்கும்போது சண்டை இல்லை.

"அப்ப எனக்கு எதுதான் சார்?" என்றார் காவலர், பொறுமை இழந்து.

சொல்கிறேன். சுடுவது எப்போதாவதுதான் என்றால் மூன்று சின்னப் புட்டி போதும், மூன்றும் விலை குறைவு. சுட்ட அன்று துடைக்க ஏதாவது ஒரு கரைப்பான். கீலுக்கும் விசைக்கும் ஒரே ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய். உலோகம் முழுக்க ஆர்.பி. வகைக் காப்பு. ஈசிஆர் பக்கம் குடியிருந்தால் மாதம் ஒரு முறை, தாம்பரம் பக்கமானால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்துத் துடைத்துப் புதுப்பியுங்கள். தினமும் வெளியே எடுத்து வெயிலிலும் மழையிலும் நிற்கிறவர் என்றால் அந்த மூன்றெழுத்துப் புட்டி ஒன்றே போதும், தினமும் இரவு கைரேகையைத் துடைத்து அதைப் பூசினால் சரி.

முழுச் சுத்தத்துக்கு ஒரு நாள் குறிக்க வேண்டுமானால் ஆயுத பூஜையை விடப் பொருத்தமான நாள் கிடையாது. வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குச் சற்று முன்பாக வருகிறது. ஆயுதப்படை முகாம்களில் துப்பாக்கிகளை வரிசையாக வைத்துச் சந்தனமும் குங்குமமும் இடுவதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டிலும் இடுங்கள், பூச்சு போட்ட உலோகத்தைத் தவிர்த்து மரக்கட்டையில் இடுங்கள். ஈரச் சந்தனம் குழலில் ஓர் இரவு காய்ந்தால் அதன் அடியில் துரு தொடங்கிவிடும். மறுநாள் புனர்பூஜை முடிந்ததும் துடைத்து, காப்பெண்ணெய் பூசிப் பூட்டிவிட்டால் மழைக்காலத்தைக் கவலையில்லாமல் தொடங்கலாம். அதே துணியில் மிஞ்சிய எண்ணெயைத் தையல் மெஷினின் இரும்புப் பலகைக்கும் ஒரு தேய்ப்புக் கொடுத்துவிடுங்கள், அதற்கும் இதே காற்றுதான்.